நடுவில் இருக்க வேண்டியது

பெயின்டர் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. வண்டிப் பட்டறையில் டப்பா மேல் எழுதியிருப்பதை ஒருநாளும் நம்பியதில்லை. மூடியைத் திறந்து, குச்சியால் கிண்டி, தகரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்த பிறகுதான் வண்டிக்கு அடிப்பார். அவரிடம் போய் முகக்கவசத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் இருப்பதாகவும், எண் கூடக் கூடத் தடுப்பும் கூடும் என்றும் மகள் சொன்னால் எடுபடுமா? எல்லாம் கடைக்காரன் கட்டிவிட்ட கதை என்றார்.

மகள் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். அவள் அம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றியதிலிருந்து உடம்பில் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் கிடந்தது. உடம்பு லேசாகச் சுட்டாலும் ஓடி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெயின்டருக்கோ இருமல். பெயின்ட் கரைக்கிற தின்னரின் வாடையைக் காலமெல்லாம் இழுத்ததுதான் என்றார் அவர். சளியாகவும் இருக்கலாம் என்றாள் மகள். கவசம் இல்லாமல் அம்மா பக்கத்தில் போகவே கூடாது என்று கறாராகச் சொல்லி, ஒரு பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பெட்டியில் தரம் ஒன்று என்று போட்டிருந்தது. பெயின்டருக்குச் சுருக்கென்றது. ஊரார் பல்லைச் சுரண்டும்போது மூன்றாம் தரம் மாட்டுகிறவள், பெற்றவளுக்கு மட்டும் மட்டமானதை வாங்கி வந்திருக்கிறாளே.

நேரே முக்குக் கடைக்குப் போனார். மூன்றாம் தரம் என்று சத்தியம் செய்து கடைக்காரன் ஒரு பாக்கெட் கொடுத்தான். சத்தியத்தை யார் நம்பினார்கள்? வீட்டுக்கு வந்து கவசத்தைப் பை மாதிரி பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். சொட்டுக்கூட ஒழுகவில்லை. இதுதான் சரக்கு என்று இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, வேறு யார் கொடுத்தாலும் வாயைத் திறக்காத மனைவிக்கு மத்தியானச் சாப்பாட்டை ஊட்டிவிட்டார். நடுநடுவே இருமவும் செய்தார்.

சாயங்காலம் மகளிடம் அந்தத் தண்ணீர்ப் பரீட்சையைப் பெருமையாகச் செய்து காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

“பல்லு சுத்தம் பண்றப்போ எச்சியும் ரத்தமும் மூஞ்சில தெறிக்கும்பா. அதுக்குத்தான் மூணு. அம்மா என்ன உங்க மேல ரத்தமா துப்பறாங்க? உங்க இருமல் வெளிய போகாம இருக்கணும், அவ்வளவுதான். அதுக்கு ஒண்ணே போதும். தண்ணிய எந்தக் கவசமும் தாங்கும். உள்ள என்ன இருக்குன்னு வெட்டிப் பாக்கலாமா?”

“நீ வெட்டினா ஏதாவது வித்தை காட்டுவ. கத்திரியைக் குடு.”

முதலில் மகளுடையதை வெட்டினார். வெளியே நீலம், உள்ளே வெள்ளை, இரண்டுக்கும் நடுவே பஞ்சு மாதிரி மெத்தென்று இன்னொரு தாள். காற்றிலிருந்து கிருமியைப் பிடிப்பது அதுதான் என்றாள். பிறகு தன்னுடையதை வெட்டினார். நீலம், வெள்ளை. நகத்தால் நெருடிப் பார்த்தார். நடுவில் ஒன்றுமே இல்லை. துருவைச் சுரண்டாமல், அடிப்பூச்சுக்குப் பிரைமர் அடிக்காமல், மேலே பளபளவென்று பூசிவிட்ட வண்டி. அப்படிப் பூசுகிறவர்களை அவர் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்.

“இதைப் போட்டுக்கிட்டு உள்ள போனீங்களா?”

மகள் தெர்மாமீட்டரோடு அறைக்குள் போனாள். அவர் அறை வாசலுக்கு வெளியே நின்றார். காய்ச்சல் இல்லை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவருக்கு நிம்மதி வரவில்லை. மோசமாகப் பூசின வண்டியும் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். கொப்புளம் கிளம்ப ஒரு வாரம் ஆகும்.

மகள் வைத்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். மாட்டவில்லை, அதையும் வெட்டிப் பார்த்தார். நடுத்தாள் இருந்தது. அடுத்ததை எடுத்து மாட்டி, மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு, ஸ்டூலை வாசல் நிலைக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார்.

மகள் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏங்க, அங்க போய் உக்காந்துட்டா யாரு ஊட்டறது?”

“இருமல் நிக்கட்டும். அதுவரைக்கும் நீயே சாப்பிடு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“நீங்க பாத்தா என் வயிறு ரொம்பிடுமா?” என்று முணுமுணுத்தாள். கொஞ்ச நேரம் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கையில் எடுத்தாள்.

பெயின்டருக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. கவசம் இருந்தும், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.