முள்ளை எண்ணிக்கோ

பெசன்ட் நகரில் இருக்கும் அந்தச் சின்ன தாய்லாந்து ஓட்டலுக்குப் பத்து வருடமாக மீன் போடுபவள் ரோஸி. எல்லாம் பின்வாசலோடு சரி. மகள் ரெனிட்டா வேலை கிடைத்த சந்தோஷத்தில் கையைப் பிடித்து இழுத்ததால், இன்றுதான் முன்வாசல் வழியாக நுழைந்து ஏசிக்கு நேரே உட்கார்ந்தாள். மெனுவில் இருந்த மீன் படத்தில் விரலை வைத்தாள்.

புதிதாகச் சேர்ந்திருந்த சர்வர் தயங்கினார். "முழு ஸீ பாஸ் மேடம். முள்ளு நிறைய இருக்கும், உங்களுக்குச் சாப்பிட வராது. போன்லெஸ் சிக்கன் தரட்டுமா?"

ரோஸிக்குச் சுருக்கென்றது. "மீனையே கொண்டா."

எலுமிச்சைச் சாற்றில், பூண்டும் பச்சை மிளகாயும் மிதக்க, ஸீ பாஸ் என்ற பெயரில் வந்தது, காலையில் அவள் கூடையில் கிடந்த அதே கொடுவா மீன். செவுளோரம் தொடங்கி வால் வரை சதையை வழித்தாள். கன்னத்துச் சதையை மட்டும் மகளுக்கு ஊட்டினாள். கடைசியில் தட்டில் சீப்பு மாதிரி முள் மட்டும் கிடந்தது.

உள்ளிருந்து எட்டிப் பார்த்த சமையல்காரர், "அட, நம்ம மீன்கார ரோஸியக்கா!" என்று ஓடிவந்தார்.

சர்வர் திருதிருவென்று விழித்தார்.

"இன்னா நைனா பாக்குற?" ரோஸி தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "நான் குடுத்த மீனு. முள்ளு ஒண்ணுகூட கொறையாது, எண்ணிக்கோ!"