ஷெஃபாலியின் இரண்டு அப்பாக்கள்

ஷெஃபாலி மூன்று நாளாக வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அவள் குடியிருக்கும் பகுதியில் வங்காளம் பேசுகிறவர்கள் பங்களாதேஷ்காரர்களா என்று போலீஸ் காகிதங்களைச் சரிபார்க்கிறதாம். பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அரசாங்க உத்தியோகஸ்தர் யாராவது கூட வந்தால் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் அவள் வேலை செய்யும் வீட்டுக்காரர் கலியமூர்த்தி மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். கோப்பைப் புரட்டுவதுபோல் நிதானமாகக் காகிதங்களைப் புரட்டினார். பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர் ஹரேன் ராய். ஊர்க் கணக்கெடுப்புப் பட்டியலின் நகலில் நிபாரண் பர்மன்.

"ரோஹிணி, இதுல அப்பா பேரு ரெண்டு இருக்கு," என்றார் மனைவியிடம் தாழ்ந்த குரலில். "நான் போய் கையெழுத்துப் போட்டா நாளைக்கு என்னைத்தான் கூப்பிட்டு விசாரிப்பான்."

"அஞ்சு வருஷமா நம்ம வீட்டுச் சாவி அவகிட்ட இருக்குங்க. என்னன்னு அவளையே கேளுங்களேன்."

கேட்டார். ஷெஃபாலி இந்தியில் மெதுவாகச் சொன்னாள். அவள் பிறந்த ஊர் மேற்கு வங்காளத்தின் கூச்பெஹார் மாவட்டத்தில். "சுத்தி நாலு பக்கமும் இந்தியா, அண்ணா. நடுவுல எங்க ஊர் மட்டும் பங்களாதேஷ்." என்றோ ராஜாக்கள் ஒப்பந்தம் போட்டபோது ஒருவர் எல்லைக்குள் மற்றவருடையதாகத் தங்கிவிட்ட துண்டு நிலம். நாடு பிரிந்தபோது பாகிஸ்தான் பக்கம் சேர்ந்தது. பிறகு பங்களாதேஷ் ஆனது. அந்த நாட்டை ஊரில் பலர் கண்ணால் பார்த்ததில்லை. மின்சாரம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. 2015-ல் இரு நாடுகளும் இப்படிப்பட்ட துண்டுகளை மாற்றிக்கொண்டன. அப்போது கணக்கெடுப்புப் பட்டியலில் பேர் இருந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். அந்தச் செய்தியைப் பஸ்ஸில் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தது கலியமூர்த்திக்கு நினைவிருந்தது.

பக்கத்து இந்திய ஊர்ப் பள்ளியில் சேர இந்திய அப்பா வேண்டியிருந்தது. வயலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஹரேன் ராய், தன் நாலு பிள்ளைகளோடு இவளையும் ஐந்தாவதாக எழுதிக்கொண்டார். "எங்க அப்பா என்னைக் கூட்டிட்டு வந்து அவர் பக்கத்துல நிறுத்திட்டு, பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியிலயே நின்னுட்டார்."

"இந்த சர்டிபிகேட்டைக் காட்டாதே. பட்டியல் மட்டும் போதும்," என்றார் கலியமூர்த்தி.

"நான் பொறந்த தேதி அதுலதான் இருக்கு, அண்ணா." சான்றிதழை உறைக்குள் திரும்ப வைத்தபடி, "அவர் பேரை எப்படி மறைக்கிறது?" என்றாள்.

கலியமூர்த்தி சட்டை மாற்றிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

ஸ்டேஷனில் இளம் சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு காகிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதில் உன் அப்பா யார்?"

"பெத்தவர் நிபாரண் பர்மன். படிக்க வெச்சவர் ஹரேன் ராய்."

"அப்போ சர்டிபிகேட் பொய்?"

"பேரு பொய், சாப். படிச்சது நான்தான்."

சப்-இன்ஸ்பெக்டர் கலியமூர்த்தியைப் பார்த்தார். வேலைக்காரி, அவ்வளவுதான் தெரியும் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இவர் வழியெல்லாம் நினைத்து வந்திருந்தார். இப்போது ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டார். முப்பத்து நாலு வருடங்களில் அவர் எழுதிய எந்தக் குறிப்பிலும் 'நான்' என்ற சொல் வந்ததில்லை. 'உத்தரவின்படி', 'பரிசீலிக்கலாம்', அவ்வளவுதான். இவளை நான் ஐந்து வருடமாக அறிவேன் என்று தொடங்கி, அந்த ஊரின் கதையையும் பள்ளிக்கூட விஷயத்தையும் அவள் சொன்னபடியே எழுதி, கீழே பெயரும் பதவியும் போட்டார். பேனாவை மூடித் தாளை நீட்டினார்.

"மாவட்டத்துக்கு அனுப்புவோம். பதில் வர்றவரைக்கும் டெல்லியை விட்டுப் போகக் கூடாது," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். குரலில் கடுமை இல்லை. உறுதியும் இல்லை.

வெளியே நல்ல வெயில். பஸ் நிறுத்தத்தில் ஷெஃபாலி ஊருக்குப் போன் போட்டாள். "அப்பாவா?" என்றார் கலியமூர்த்தி.

"அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. இவர் ஹரேன் பாபா."

ஸ்பீக்கரில் ஒரு கிழக்குரல் சத்தமாக, ஏதோ கேள்வி கேட்டது. வங்காளம் கலியமூர்த்திக்குப் புரியவில்லை. ஷெஃபாலி ஸ்டேஷனைப் பற்றி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. சிரித்தபடி, ரொட்டி, பருப்பு என்று காலையில் சாப்பிட்டதை விரல்விட்டு ஒப்பித்தாள். அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. கலியமூர்த்தி கையைக் காட்டி, நீங்கள் போகலாம் என்று டிரைவரிடம் சைகை செய்தார்.