சிவப்பு முக்கோணம் காணாமல் போன திங்கட்கிழமை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த அப்டேட்டை அழுத்தியது நான்தான். போடிநாயக்கனூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டு தொழிலிலும் வாடிக்கையாளர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு?"

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மலையடிவாரத்தில் பனி இன்னும் விலகவில்லை..." (பொய். அன்று காலை ஆறரைக்கே புழுக்கம்.)

"சந்திரவல்லிக்குக் கோபம் வந்தால்..." (முடிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

சந்திரவல்லி ஓர் ஏலக்காய்த் தோட்டத்தின் போடி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காய் எடுக்க மலைக்குப் போகும் ஐம்பத்தாறு பெண்களை, தினமும் ஐந்து ஜீப்புகளில் பிரித்து ஏற்றிவிடுவது அவள் பொறுப்பு. யார் எந்த ஜீப்பு என்பதெல்லாம் லேப்டாப்பில், கட்டம் கட்டமான ஷீட்டில் இருக்கிறது. அவளுக்கு முன் அங்கே இருந்த காசிராஜன் சிலருடைய பெயர்களுக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். குறிப்பு உள்ள கட்டத்தின் மூலையில் கடுகளவு சிவப்பு முக்கோணம் தெரியும். மவுசை அதன்மேல் கொண்டுபோனால் குறிப்பு விரியும். சந்திரவல்லி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. காசிராஜன் பிரித்து வைத்த பட்டியலிலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆளை மாற்ற வேண்டி வந்தால் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை நான் அந்த மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றிக் கொடுத்தேன். ஏற்றும்போது கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமலே 'சரி' அழுத்தினேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"அண்ணே, கோட்டையக் காணோம்ணே!"

"எந்தக் கோட்டை?"

"கட்டத்துக் கோடுண்ணே! வெறும் வெள்ளைத் தாளாக் கெடக்கு. கீழ ஜீப்பு ஜீப்பாப் பிரிச்சு வச்ச ஷீட்டுப் பேரும் போச்சு. வெரசா வாங்க!"

ஓடினேன். ஆப்ஷன்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு, அதற்குள் டிஸ்ப்ளே. கோடுகளுக்கு ஒரு டிக் போட்டேன், வந்தன. ஷீட்டுப் பெயர்களுக்கு ஒரு டிக், அவையும் வந்தன. மேலே ஃபார்முலா பட்டையைக் காணோம் என்றாள். அதுவும் வந்தது. சந்திரவல்லி கைதட்டி, வடை வாங்கிக் கொடுத்தாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

(* அதே பக்கத்தில், அரை விரல் கீழே, குறிப்பு உள்ள கட்டங்களில் என்ன காட்ட வேண்டும் என்று ஒரு கேள்வி இருந்தது. 'எதுவும் வேண்டாம்' என்பதில் புள்ளி நின்றது. நான் அதுவரை இறங்கவில்லை. வடை சூடாக இருந்தது.)

3

திங்கட்கிழமை ஓர் ஓட்டுநர் லீவு. ஐந்து ஜீப்பு ஆட்களை நான்கில் அடக்க வேண்டும். சந்திரவல்லி ஞாயிற்றுக்கிழமையே புதுப் பட்டியல் போட்டுவிட்டாள். ஒரு கட்டத்திலும் சிவப்பு இல்லை. 'பரவாயில்லையே, எல்லாரும் ஒத்துமையா இருக்காங்க' என்று நினைத்தாளாம்.

காய் எடுக்கப் போகும் ராசிங்காபுரத்து அய்யம்மாள், ஓட்டுநர் பிச்சைமணியின் ஜீப்பில் ஒரு காலை வைத்தாள். உள்ளே முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். அய்யம்மாள் வைத்த காலை எடுத்துவிட்டாள்.

"நான் வரல."

"ஆத்தா, லிஸ்ட்டுல பேரு இருக்கு. மத்த ஜீப்பெல்லாம் கெளம்பிப் போயிருச்சு. ஏறு" என்றார் பிச்சைமணி.

ஏறினாள். மிச்சமிருந்த ஒரே இடம் முனீஸ்வரிக்கு நேர் எதிரே. முழங்காலோடு முழங்கால் இடித்தது.

இருவரும் பேசி மூன்று வருடம். ஒருநாள் அய்யம்மாள் ஏலச்செடிக்கடியில் படுத்திருந்ததை முனீஸ்வரி கங்காணியிடம் சொல்லிவிட்டாள். தூங்குகிறாள் என்று கங்காணி அவளை ஒரு வாரம் வேலைக்கு வரவிடவில்லை. உண்மையில் அய்யம்மாளுக்குக் காய்ச்சல்.

(முதல் பிரதியில் முனீஸ்வரியைப் பொல்லாதவளாக எழுதியிருந்தேன். புருவத்தைக்கூட வளைத்து வைத்தேன். படித்துவிட்டு சந்திரவல்லி கேட்டாள்: "அவங்ககிட்ட கேட்டீங்களா?" கேட்கவில்லை. புருவத்தை நிமிர்த்திவிட்டேன்.)

4

போடிமெட்டுப் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவு வரை ஜீப்பில் மூச்சுச் சத்தம்தான். "மூட்டை ஏத்துனாக்கூட கொஞ்சம் முனகும்" என்றார் பிச்சைமணி என்னிடம்.

எட்டாவது வளைவில், பின்சீட்டின் கோடியில், முனீஸ்வரியை ஒட்டி உட்கார்ந்திருந்த மகாராணி மெல்ல வாய் திறந்தாள்.

"அண்ணே... நிறுத்துங்க."

எதிரே பஸ்சு வந்துகொண்டிருந்தது. நிறுத்த இடமில்லை. மகாராணியின் கன்னங்கள் உப்பின. முனீஸ்வரி குனிந்து, காலடியில் கிடைத்த பாத்திரத்தை எடுத்து, மூடியைத் திறந்து, அவள் வாய்க்கு நேரே பிடித்தாள். நொடி பிசகவில்லை.

அது அய்யம்மாளின் சோற்று வாளி.

"அடியே! அது என் சோறுடீ!"

மூன்று வருடத்தில் முதல் பேச்சு.

"எனக்கென்ன தெரியும்? வாளியில பேரா எழுதியிருக்கு?"

"கண்ண எங்கடி வச்சிருந்த?"

"இவ வாயில வச்சிருந்தேன்!"

மகாராணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வாளிக்குள் எட்டிப் பார்த்து, மரியாதையாகக் கேட்டாள்: "புளிச்சோறாக்கா?"

ஜீப்பு வெடித்தது. சிரித்த சிரிப்பில் பிச்சைமணி அடுத்த வளைவு தாண்டி வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. அய்யம்மாள் சிரித்தாள் என்று ஆறு பேரும், சிரிக்கவில்லை என்று ஏழு பேரும் என்னிடம் சொன்னார்கள். அய்யம்மாளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

5

மத்தியானம் அய்யம்மாளுக்குச் சோறு இல்லை. இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ("சீரியலாண்ணே?" – சந்திரவல்லி.)

இரண்டாவது: தேவாரம் பக்கமிருந்து ஒரு யானை வழிதவறி வந்து... (வேண்டாம். யானைக்கு இதில் வேலையே இல்லை.)

மூன்றாவது, மகாராணி பார்த்ததாகச் சொன்னது. முனீஸ்வரி தன் சோற்றில் பாதியை மூடியில் போட்டு, இருவருக்கும் நடுவே ஒரு கல்லில் வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டாள். வெகுநேரம் மூடி அங்கேயே இருந்தது. பிறகு அய்யம்மாள் எடுத்தாள். சாப்பிட்டு, ஓடையில் கழுவிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"உப்புக் கம்மி."

முனீஸ்வரி மூடியை வாங்கவில்லை. "அன்னைக்கு உன்னையத் தூங்குறன்னு நான் சொல்லல. 'படுத்துக் கெடக்கா, என்னன்னு போய்ப் பாருங்க'ன்னுதான் சொன்னேன்."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"நீ கேக்கலையே."

அய்யம்மாள் மூடியைக் கல்மேல் வைத்துவிட்டுக் காய் எடுக்கப் போனாள். இறங்கும்போதும் அதே ஜீப்பு, அதே இடம். இருவரும் பேசவில்லை. ஆனால் முழங்காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை என்கிறாள் மகாராணி.

6

சாயங்காலம் சந்திரவல்லி என்னை உட்காரவைத்துத் திட்டினாள். நான் டிஸ்ப்ளேவுக்குள் போய், இந்த முறை கடைசிவரை இறங்கி, அந்தப் புள்ளியை மாற்றினேன். ஷீட்டில் சிவப்பு முக்கோணங்கள் பொரி பொரிந்ததுபோல் வெளிவந்தன.

'மகாராணி: முன்சீட்டு மட்டும். சோதித்துப் பார்க்க வேண்டாம். நான் பார்த்துவிட்டேன்.'

'அய்யம்மாள், முனீஸ்வரி: ஒரே ஜீப்பு கூடவே கூடாது.'

படித்து இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்போது சந்திரவல்லிக்குப் போன் வந்தது. முனீஸ்வரி.

"ஆத்தா, நாளைக்கு என்னைய எந்த ஜீப்புல போட்டுருக்க?"

"எதுல போடணும்க்கா?"

"சும்மா கேட்டேன்." வைத்துவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் இன்னொரு போன். அய்யம்மாள். அதே கேள்வி. அதே "சும்மா கேட்டேன்."

சந்திரவல்லி அந்தக் குறிப்பை இன்னொரு முறை படித்தாள். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஏதோ தட்டி, சேமித்து, மூடினாள்.

"எந்த ஜீப்பு?" என்றேன்.

"இதக் கதையில போடுவீங்களா?"

"போடுவேன்."

"அப்பச் சொல்ல மாட்டேன். கெளம்புங்க, எனக்குச் சோலி கெடக்கு."

நான் கடை திறப்பது ஒன்பது மணிக்கு. அதற்குள் ஜீப்புகள் மலையேறிவிடும். அலாரம் வைத்து எழுந்து போய்ப் பார்க்கலாம்தான். போனால் அய்யம்மாளை ஒரு ஜீப்பில்தான் பார்க்க முடியும்; முனீஸ்வரி இருக்கும் ஜீப்பு, இல்லாத ஜீப்பு, எனக்கோ இரண்டு முடிவுமே பிடித்திருக்கிறது. ஆகவே கடைசி வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன். உங்கள் கையில் பேனா இருந்தால் முடித்துவிடுங்கள்:

மறுநாள் காலை ஆறரைக்கு, அய்யம்மாள் புதுச் சோற்று வாளியோடு வந்து, வரிசையாக நின்ற ஜீப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டு, நேராகப் போய்