ஒன்றரை மணி நேரத் தூரம்

தியாகேசன் சிங்கப்பூரில் துணிக்கடை வைத்திருந்தார். தம்பி குஞ்சிதபாதத்துக்குப் பினாங்கில் அச்சுக்கூடம். இரண்டும் தீவுகள், இரண்டிலும் விமான நிலையம் உண்டு. ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஆனாலும் இருவரும் ஒன்பது வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. சீர்காழிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன ஐந்து ஏக்கரில், வாய்க்காலை ஒட்டிய பாதி யாருக்கு என்பதில் வந்த சண்டை. பாகப்பிரிவினை நடக்காமலேயே நின்றுபோனது.

நிலத்தைத் தங்கையன் குத்தகைக்கு உழுதான். அவன் அப்பா அதே வயலில் பண்ணையாளாக இருந்தவர். அறுவடை முடிந்ததும் குத்தகை நெல்லைச் சீர்காழியில் இருந்த அக்கா அகிலாண்டத்தின் வீட்டுக்குக் கொண்டுவந்து, வம்பு வேண்டாமென்று இரண்டு குவியலாகவே கொட்டுவான்.

எழுபத்திரண்டில் குத்தகைக்காரர்களின் பெயரை அந்தப் பக்கத்தில் பதிவு செய்தார்கள். பதிவாகிவிட்டால் ஆளை லேசில் வெளியேற்ற முடியாது. தங்கையனும் மனுக் கொடுத்தான். ஆட்சேபம் இருந்தால் நிலக்காரர் விசாரணைக்கு வர வேண்டும். அகிலாண்டம் இரண்டு தீவுக்கும் தந்தி அடித்தாள்.

“அவன்தானே சின்னவன், அவன் போகட்டும்” என்று சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. “பெரியவர் இருக்கும்போது நான் எப்படி?” என்றது பினாங்கு.

விசாரணையன்று அகிலாண்டமே தாலுகா ஆபீசுக்குப் போனாள்.

“நிலம் உங்க பேர்ல இருக்காம்மா?” என்றார் தாசில்தார்.

“இல்லைங்க. தம்பிங்க பேர்ல.”

“அப்ப அவங்கதாம்மா வரணும்.”

தங்கையன் பெயர் பதிவானது. வெளியே வந்தவன் அகிலாண்டத்தைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, மறுபடி போட்டுக்கொண்டான்.

செய்தி கிடைத்ததும் தியாகேசன் விமானம் ஏறினார். அது பினாங்கில் இறங்கிச் சென்னைக்குப் போகும் விமானம். பினாங்கில் குஞ்சிதபாதம் ஏறி, நடைவழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். சென்னை வரைக்கும் அண்ணன் சன்னலையே பார்த்தார். தம்பி ஒரே பத்திரிகையைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒரே ரயிலில் வேறு வேறு பெட்டியில் வந்து, முன்னும் பின்னுமாக இரண்டு குதிரை வண்டிகளில் அக்கா வீட்டு வாசலில் இறங்கினார்கள்.

“நீங்க முன்னாடியே வந்திருக்கலாமே” என்றார் தம்பி, சாப்பிட உட்கார்ந்ததும். ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு.

“உன்னை வர வேணாம்னு நான் கையைப் பிடிச்சா இழுத்தேன்?”

சோறு போட்டுக்கொண்டிருந்த அகிலாண்டம் கரண்டியை வைத்தாள். “உங்க ரெண்டு ஊருக்கும் நடுவுல எவ்வளவு நேரம்டா?”

“ப்ளேன்ல ஒன்றரை மணி நேரம்க்கா.”

“இங்கேருந்து தஞ்சாவூருக்கு பஸ்ல போனா அதுக்கு ரெண்டு பங்கு ஆவுது. நான் போயிட்டு வரலை?”

மறுநாள் காலையில் தங்கையனுக்கு ஆள் விட்டார்கள். “பதிஞ்ச பேரை வாபஸ் வாங்கிக்க” என்றார் தியாகேசன். அண்ணன் சொன்னதற்குத் தம்பி தலையாட்டினார்.

“குத்தகை குறையாம வந்துரும்ங்க. பேரு இருந்துட்டுப் போவட்டும்ங்க.” என்றான் தங்கையன். “நாத்து பறிச்சுக் கிடக்கு, நடவாளுங்க காத்திருக்காங்க” என்று கிளம்பிவிட்டான்.

ஒன்பது வருடப் பகை அன்றைக்குத் தீர்ந்தது. தங்கையன்மேல் சேர்ந்து வழக்குப் போடுவதென்று முடிவானது. மற்றதைத் தீவுகளுக்குத் திரும்பிப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் யார் வீட்டுக்கு யார் முதலில் போவது? மூத்தவர் தேடிப் போவதாவது என்றார் தியாகேசன். அழைக்காமல் போவதாவது என்றார் குஞ்சிதபாதம். ஆகவே சிங்கப்பூர்க் கடிதம் சீர்காழிக்கு வந்தது. அகிலாண்டம் படித்து, வேறு உறையில் போட்டுப் பினாங்குக்கு அனுப்பினாள். பதிலும் அதே வழியில் போனது. மனுவில் யார் பெயர் முதலில் என்று அவர்கள் தீர்மானிப்பதற்குள் தங்கையன் இரண்டு போகம் அறுத்துவிட்டான்.