நாலு பேர், ஒரே சுரம்

என் வீட்டுக்காரர் குணசீலனுக்கு இசைப் பைத்தியம். பாட்டு இருக்கும் இசை என்றால் நானும் கேட்பேன். இது அப்படியில்லை. நாலு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து, வயலினும் செல்லோவுமாக ஒரே சுரத்தைப் பத்து நிமிஷம் இழுப்பார்கள். அடுத்த சுரத்துக்குப் போக என்ன தயக்கமோ. அதையும் கறுப்பு ரெக்கார்டில்தான் கேட்க வேண்டுமாம். மாதக்கணக்கில் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். அட்டை ஒரே வெள்ளை. அச்சடிக்க மறந்துவிட்டார்களா என்று கேட்டேன். "அழகே அதுதான், சித்ரா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் முறையாகப் போட்டார். மிக்சி வாங்கினாலும் சந்தனம் வைத்து ஊதுபத்தி கொளுத்தாமல் தொடாத குடும்பம் எங்களுடையது. ரெக்கார்டுக்கும் அதே மரியாதை நடந்தது. பிறகு ஃபேனை நிறுத்தினார். மூச்சுவிடக் கூடாது என்றார். என்னையும் மகள் இனியாவையும் தரையில் உட்கார வைத்தார். மாமனார் காளியப்பன் உண்ட மயக்கத்தில் ஹால் நடுவில் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். முள் இறங்கியது. கொட்டாவியை மறைக்க நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இதையெல்லாம் எதிர்வீட்டு முத்தாயம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். ஊதுபத்திப் புகை, நடுவில் அசையாமல் கிடக்கும் பெரியவர், சுற்றிலும் குனிந்த தலைகள், இழுத்து இழுத்து அழும் வயலின். எங்களைப் போல அவளுக்கும் சொந்த ஊர் எருமப்பட்டி. அங்கே இருக்கும் என் கணவரின் அண்ணன், சின்னண்ணன் என்று பெயர், அவருக்கு நாங்கள் சாவுக்குக்கூடச் சொல்லி அனுப்ப மாட்டோம் என்று அவளாக முடிவு செய்து, போன் போட்டுவிட்டாள்.

அவள் நினைத்ததிலும் தப்பில்லை. இந்த அஸ்தம்பட்டி வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, பத்திரிகையில் என் தம்பி பெயருக்குக் கீழே சின்னண்ணன் மாமாவின் பெயர் அச்சாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் இங்கே காலெடுத்து வைக்கவில்லை. இவரும் போய்க் கூப்பிடவில்லை. "பெரியவன் இந்த ஊட்டுக்கு வாரதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்" என்று மாமனார்தான் அடிக்கடி கண்ணைத் துடைப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் நிற்க வைத்து நாலு அறை விடலாம் போல எனக்கு ஆத்திரம் வரும்.

போனை வைத்துவிட்டு முத்தாயம்மாள் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். மாமனார் கண்ணைத் திறந்து, "என்ன முத்தாயி, காப்பி குடிக்க வந்தயா?" என்றார். அவள் பேயறைந்தது போல நின்றாள். கொடுத்த காப்பியைக் குடித்தாள். போன் போட்டதை மட்டும் சொல்லாமல் நழுவிவிட்டாள்.

சாயங்காலம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே நிறையச் சனம். முதலில் இறங்கியவர் சின்னண்ணன் மாமா, கையில் பெரிய ரோஜா மாலை. "உங்க மொகத்தப் பாக்காமயே உட்டுட்டனேப்பா" என்று கதறிக்கொண்டே உள்ளே வந்தவர், நாற்காலியில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த அப்பாவைக் கண்டு அப்படியே நின்றார்.

"இப்பப் பாரு சாமி" என்றார் மாமனார். "மாலைய எதுக்குக் கையில வெச்சிருக்கற? கழுத்து சும்மாதான இருக்குது."

முத்தாயம்மாள் வந்து தலையைச் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வேனோடு வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஊரைக் கூட்டி அழுத மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "கெளம்புங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டு, எங்கள் யார் முகத்தையும் பாராமல் படியிறங்கினார்.

"டேய் பெரியவனே!" மாமனார் குரல் தெருவுக்கே கேட்டது. "சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு இது என்ன எழவு ஊடா? உசுரோடதான உக்காந்திருக்கறேன். சொல்லிட்டுப் போ."

மாமா கேட்டருகில் நின்றார். "போயிட்டு வாரனுங்கப்பா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? ஊட்டுக்காரன் அவன். அவங்கிட்டச் சொல்லு."

இவர் அந்த வெள்ளை அட்டையை மார்போடு அணைத்தபடி நின்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டே பாதிக் குரலில், "வாரேன் குணா" என்றார்.

"சாப்புட்டுப் போங்கண்ணா" என்றார் இவர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறொரு நாளாக இருந்தால், இத்தனை சனத்துக்கு யார் ஆக்கிக் கொட்டுவது என்று இவரை ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்கு வெங்காயம் உரிக்க முத்தாயம்மாளை இழுத்து உட்கார வைத்துவிட்டு, பெரிய குண்டாவில் உலை வைத்தேன்.