சொல்லிட்டுத் தூக்கு

1974 மார்ச் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவில், கீழ்மலைத் தெருவில் மீன் வண்டி வரிசையில் நான்காவது ஆளாக நின்றிருந்த எபன் கோம்பென், நின்றபடியே மூன்றரை அடி மேலே போனார். அன்றைக்கு நாக்கு மீன் ராத்தல் நாற்பது பென்ஸ். எபனுக்கு வயது எழுபத்தொன்று, நாற்பத்தாறு வருடம் குவாரியில் கல் உடைத்தவர், எடை தொண்ணூறு கிலோ. அத்தனை எடையும் அந்தரத்தில் தொங்கியது. தொப்பி தலையிலேயே இருந்தது. பூட்ஸ் போட்ட கால்கள் மட்டும் தரையைத் தேடி அசைந்தன. மீன்காரர் கத்தியை மீனில் பாதி இறக்கியபடியே நின்றுவிட்டார். அப்புறம் எபனின் இரண்டு கால்களும் அவரைக் கேட்காமலேயே பின்பக்கமாக ஓர் உதை உதைத்தன, அவர் பக்கவாட்டில் விழுந்தார். கணுக்கால் பிசகியது. மூச்சு திரும்பியதும், "வரிசையில என் இடம் போயிடலையே?" என்று கேட்டார்.

அதே பத்தே முக்காலுக்கு அவர் வீட்டுச் சமையலறையில், ஆறு வாரத்துக்கு முன் கல்யாணமாகி வந்த மருமகள் மரியன், தாய்வீட்டிலிருந்து தன்னோடு கொண்டுவந்த ஒரே உயிரை அலமாரிக்கு அடியிலிருந்து இழுத்துத் தூக்கியிருந்தாள். நீண்ட காதும் பிளந்த மேலுதடும் பஞ்சு உருண்டை வாலும் உள்ள, துள்ளித் துள்ளி ஓடுகிற பிராணி அது. அதன் பெயரைப் போர்ட்லண்டில் சொல்லமாட்டார்கள். அது வளை தோண்டிய இடத்தில் பாறை சரியும், சரிவதற்கு முன் அதுதான் முதலில் வெளியே ஓடிவரும் என்பது குவாரிக்காரர்களின் அனுபவம். ஒன்று கண்ணில் பட்டால் போதும், போட்டது போட்டபடி வீட்டுக்குப் போய்விடுவார்கள். சொல்லியே ஆகவேண்டுமென்றால் 'நிலத்தடி மட்டன்' என்பார்கள். இந்தத் தீவின் கதையை எழுதுகிறவரும் அந்தச் சொல் இல்லாமல்தான் எழுதியாக வேண்டும். வீட்டுக்குள்ளாவது கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று மரியன் அதற்கு மட்டன் என்றே பெயர் வைத்தாள். அதிலும் எபனின் மனம் இளகவில்லை. வெளியூர்க்காரர்களைத் தீவில் கிம்பர்லின் என்பார்கள். மருமகளை அவர் கூப்பிட்டது அந்தப் பேரைச் சொல்லித்தான். மட்டன் தானாக வந்து மரியனின் மடியில் ஏறும், புறங்கையை நக்கும், காலடியில் படுத்துத் தூங்கும். தூக்கினால் மட்டும் பிடிக்காது. உதைத்துப் பாய்ந்துவிடும்.

இரண்டும் ஒன்று என்று தெரிய ஐந்து நாள் ஆனது. ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது மட்டன் மேசைத் துணியைக் கடித்து இழுக்க, மரியன் குனிந்து அதை அள்ளினாள். எதிரே எபன் நாற்காலியை விட்டு எழும்பினார். கையில் முள்கரண்டி, மடித்துணியிலிருந்த பட்டாணிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உருண்டன. மரியன் அவரைப் பார்த்தாள், கையிலிருந்ததைப் பார்த்தாள். மெல்லத் தாழ்த்தினாள், அவரும் தாழ்ந்தார். உயர்த்தினாள், அவர் தலை விளக்கில் இடித்தது.

"என்னை வெச்சு விளையாடறியா, கிம்பர்லின்?" என்றார் எபன், மேலிருந்து.

மரியன் மட்டனை மெல்லத் தரையில் விட்டாள். செய்தி தெருவெங்கும் பரவியது. கோம்பென் வீட்டைக் கடக்கும்போது ஜனங்கள் எதிர்ப்பக்கம் போய் நடந்தார்கள். அவள் கணவன் கிளைவும் குவாரிக்காரன்தான். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஈஸ்டருக்குள்ள அது கடல் தாண்டிப் போயிடணும், மரியன். அப்பா உசிரோட இருக்கணும்ல."

"நானும் கூடவே போயிடவா?" என்று அவள் கேட்டாள். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அனுப்புவதென்றாலும் பெட்டிக்குள் போடவேண்டும், போடத் தூக்கவேண்டும், தூக்கினால் எபன் எழும்புவார். மரியன் கடலுக்கு எதிர்க்கரையிலிருந்த கால்நடை மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினாள். மேலிருந்து கை நீட்டாதே, மேலிருந்து எது வந்தாலும் அதுக்குப் பருந்துதான் என்றார் அவர். தரையில் உட்கார், ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்னங்காலுக்குக் கீழே, உடம்போடு சேர்த்து அணைத்துக்கொள், முகத்தை முழங்கை மடிப்பில் புதைத்துக்கொள்ள விடு. பயந்து உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துபோகும். கடைசி வாக்கியத்தில் மரியன் ரிசீவரைத் தவறவிட்டாள். யாருடைய முதுகெலும்பு என்று அந்த மருத்துவரைக் கேட்க முடியாது.

அதனால் பழகித்தான் ஆகவேண்டும் என்று எபனே முடிவு செய்தார். தினமும் காலை பத்து மணிக்குச் சமையலறைத் தரையில் இரண்டு மெத்தையை அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். எதிரே மரியன் தரையில் உட்காருவாள்.

"கால் தொங்குது."

"யாருக்கு, மாமா?"

"எனக்குத்தான். அதுக்கு அடியில ஒரு கை குடு... ம். இப்ப நாற்காலில உக்காந்த மாதிரி இருக்கு."

இன்னொரு நாள் கடுகடுவென்று சொன்னார்: "பின்னாலேருந்து வந்து அள்ளாத. எனக்குத் திக்குங்குது, அதுக்கும் அப்படித்தானே இருக்கும். சொல்லிட்டுத் தூக்கு." அன்றிலிருந்து மரியன் "தூக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று எண்ணித் தூக்கினாள். இரண்டாவது வாரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மட்டனின் ஒரு காது திரும்பியது. பக்கத்து வீட்டு எட்னா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னடி, மாமனாருக்கு ஊஞ்சல் கட்டியிருக்கியாமே?" என்றாள், சொன்ன பிறகு தானே பயந்து உள்ளே ஓடிவிட்டாள். மட்டன் உதைக்காமல் அதிகபட்சம் தாங்கியது ஒரு நிமிடம் பத்து விநாடி. இத்தனையும் அதைப் பிரிவதற்கான பயிற்சிதான்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வண்டி வாசலில் வந்து நின்றபோது, மட்டன் உள்ளே போட்டிருந்த சிங்கப்பல் கீரைக்கு ஆசைப்பட்டுத் தானாகவே பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. எபன் அதைப் பார்க்க நிற்கவில்லை. பழைய குவாரியில் ஒரு கல்லைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் காலையிலேயே மேல்மலைக்குப் போய்விட்டார். தொலைபேசி அடித்தது. கிளைவ். அவன் குரல் அவன் குரலாக இல்லை.

"வண்டிய அனுப்பிடாத. அப்பா பாறை வெடிப்புக்குள்ள விழுந்துட்டாரு. நாற்பதடி. ஆள் இறங்க இடமில்ல. கயிறு விட்டா கட்டிக்க அவருக்குக் கை அசையல. கிரேனைக் கொண்டுவந்தா மேல இருக்கற பாறை அவர் மேலயே விழும்." மூச்சு வாங்கினான். "மரியன், அதத் தூக்கு."

"நாற்பதடி உயரத்துக்கு நான் எங்கங்க போவேன்?"

"தெருவுல ஏறு. குவாரிச் சிவப்புக் கொடி ஏறியிருக்கும். கொடி இறங்கற வரைக்கும் அதக் கீழ விட்டுடாத."

மரியன் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "தூக்கறேன்" என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. மட்டனின் இதயம் அவள் விரல்களுக்கு அடியில் தந்திபோல அடித்தது. எழுந்து, வாசலைத் தாண்டி, செங்குத்தான கீழ்மலைத் தெருவில் ஏற ஆரம்பித்தாள். எடுத்த இடத்திலிருந்து அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு உயரம் எபன் மேலே வரவேண்டும். இதுவரை நாலடிக்கு மேல் யாரும் பார்த்ததில்லை. செய்தி அவளுக்கு முன்னே ஓடியிருந்தது. அந்தப் பிராணியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜனம் தெருவின் இரண்டு பக்கமும் வந்து நின்றது. எட்னா தன் நாயை அலமாரிக்குள் அடைத்து, கதவில் சாய்ந்து நின்றாள். மீன்காரர் வண்டியின் இன்ஜினை அணைத்தார். ஒரு நிமிடம் பத்து விநாடி ரொட்டிக் கடையருகே முடிந்துபோனது. மட்டனின் பின்னங்கால்கள் இறுகுவதை மரியன் உணர்ந்தாள். கையை இறுக்கிப் பிடிக்கத் தோன்றியது, பிடிக்கவில்லை. அடியில் கொடுத்திருந்த கையை மட்டும் இன்னும் கொஞ்சம் விரித்தாள். கால்கள் தளர்ந்தன. அது முகத்தை அவள் முழங்கை மடிப்புக்குள் புதைத்துக்கொண்டது.

எட்டு நிமிடம் கழித்து, மெதடிஸ்ட் தேவாலயத்தின் வாசற்படியில் அவள் நின்றபோது, மலை உச்சியில் சிவப்புக் கொடி இறங்கியது. வெடிப்புக்குள்ளிருந்து எபன் இடுப்புவரை மேலே வந்ததாகவும், நான்கு பேர் பெல்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டதாகவும் குவாரியின் நாட்குறிப்பில் இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எபன் கேட்டது ஒன்றுதான்: "சொல்லிட்டுத்தான் தூக்கினாளா?" சொல்லிவிட்டுத்தான் தூக்கினாள் என்றான் கிளைவ். "அதான் அடியில கை இருந்துது" என்றார் அவர்.

வண்டிக்காரர் தேநீர் குடித்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எபன், பெட்டியை எடுத்துவரச் சொல்லிக் கணப்பில் போட்டு எரித்தார். கிளைவ் அன்றைக்கு வரை சொல்லாமல் வைத்திருந்த பதிலை, பாத்திரம் துடைத்துக்கொண்டே, "நீ எங்கயும் போகவேணாம்" என்று மனைவியிடம் சொன்னான். அதற்கப்புறம் தேவாலயக் கூரையின் மழைநீர்க் குழாயில் இலை அடைத்தால் யாரும் ஏணி தேடவில்லை. எபனைக் கூப்பிட்டார்கள். அவர் சாகும்வரை அந்தப் பிராணியின் உண்மைப் பெயரைச் சொல்லவில்லை. கிம்பர்லின் என்று சொல்வதை மட்டும் எப்போதோ விட்டிருந்தார்.

1979 பிப்ரவரியில் எபன் தூக்கத்தில் இறந்தார். கல்லறைத் தோட்டம் மேல்மலையில். சவப்பெட்டியோடு அந்த ஏற்றம் ஏறி இடுப்பு பிடித்துக்கொள்ளாத ஆள் தீவில் இல்லை. கறுப்பு உடையில் மரியன் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "தூக்கறேன், மாமா" என்றாள். மூன்று எண்ணினாள். சவப்பெட்டி முக்காலிகளை விட்டு எழும்பியது. ஆறு பேர், காற்று தள்ளிவிடாதபடி ஆளுக்கொரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு தெருவில் ஏறினார்கள். பின்னால் மரியன், கையில் வயதான மட்டன். கல்லறையில் கயிறு பிடிப்பவர்கள் தயாராகும்வரை நின்றாள். பிறகு குனிந்து அதைப் புல்லில் விட்டாள். அதன் கால் தரையில் பட்டதும் தொண்ணூறு கிலோவும் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

மட்டன் அங்கேயே புல் மேய ஆரம்பித்தது. சுற்றிலும் நாற்பது குவாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.