கதவுக்கு வெளியே இரண்டு மணித்தியாலம்

2008இல் கொழும்பில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. மறுநாள் கண்டியில், ஒரு கதவில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலில் ஒரே ஒரு பெயரைச் சிவப்புப் பேனாவால் வெட்டினார்கள். குண்டுக்கும் அந்தப் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. அது திரேசாவின் பெயர். கண்டி மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள், மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளி அழகரின் மகள். கண்டியை விட்டு அவள் அதிக தூரம் போனதென்றால் அது பேராதனைப் பூங்காவுக்குத்தான்.

கதவு ஒரு பெரிய காப்புறுதிக் கம்பனியின் கணினி சேர்வர் அறைக் கதவு. கம்பனி ஆறு பேரைப் பயிலுநர்களாக எடுத்திருந்தது. வாரத்தில் ஐந்து நாள் வேலை, சனி ஞாயிறு விரிவுரை, நாலு வருஷம் முடிய தகவல் தொழில்நுட்பப் பட்டம். தகப்பன் பெயரோடு சேர்த்து அழகர் திரேசா என்று எழுதியிருந்ததால், ஆறு பேரில் தமிழ்ப் பெயர்க்காரி இவள் ஒருத்திதான். கடைசிப் பரீட்சை டிசம்பரில். அதற்கு உட்கார வேண்டுமானால் சேர்வர் அறைக்குள் நூற்று முப்பது மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். செய்ததை அன்றன்றைக்குப் பதிவேட்டில் எழுதி, வாரத்துக்கு ஒரு தடவை மனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

திரேசா பொலிஸுக்குப் போய் நற்சான்றிதழ் எடுத்து வந்தாள். மனேஜர் விஜேகோன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டும் என்றார். அனுமதி வருவதாகத் தெரியவில்லை. பிறகு அவளைக் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரச் சொன்னார். விஜேகோன் கெட்ட மனுஷர் அல்ல. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"நீங்கள் கவலைப்பட வேண்டாம்," என்றார் ஆங்கிலத்தில். "முன் மேசையில் உட்கார்ந்து கடிதங்களை டைப் அடியுங்கள். பதிவேட்டில் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் என்று எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன். பட்டம் கையில் வந்தால் சரிதானே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார், அதையும் உதவி மாதிரிச் சொல்கிறார் என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கூடப் படிக்கும் தாஸிம் அக்குறணை முஸ்லிம் பொடியன், நல்லவன். சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவர் சைன் பண்ணித் தாரன்னு சொல்றாரே, எடுத்துக்கோங்க திரேசா. நான் உள்ளுக்கு ஈக்கக்கொள்ள செய்ற வேலய ஒங்களுக்கும் சொல்லித் தாரேன். ஒங்களுக்குத் தெரியாம போகாது."

"வேல தெரியுமா தெரியாதாங்கிறது இல்ல தாஸிம். என்னைய ஏன் வெளியில நிறுத்துறாங்க? அதுக்கு பதில் சொல்லிட்டு கையெழுத்து போடட்டும்."

தாஸிம் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரேசா சேர்வர் அறைக் கதவடியில் போய் நின்றாள், பத்து மணிக்குப் பதிவேட்டைத் திறந்தாள். 'செய்த வேலை' என்ற இடத்தில் அச்சு மாதிரி ஆங்கிலத்தில் எழுதினாள்: 'காலை எட்டு முதல் பத்து வரை சேர்வர் அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே விடவில்லை. காரணம், என் பெயர்.' மணித்தியாலத்துக்கான கட்டத்தில் பூச்சியம் போட்டாள். எழுதியது பொய்யாகக் கூடாதே என்று, அதன் பிறகும் தினமும் எட்டு மணிக்குப் போய் அந்தக் கதவடியில் நின்றாள். பத்து மணிக்குத்தான் கடிதம் அடிக்கப் போனாள். உள்ளே போகிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள், பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் போகப் பழகினார்கள்.

வெள்ளிக்கிழமை ஆறு பதிவேடுகளும் விஜேகோனின் மேசைக்குப் போகும். திரேசா தன்னுடையதை மேலே வைத்தாள். வாசிக்கட்டும், வாசித்துவிட்டுக் கத்தட்டும், வெளியே போடட்டும் என்றுதான் வைத்தாள். அந்தக் கந்தோரில் பதிவேடு வாசிக்கும் வழக்கம் கிடையாது என்று அவளுக்குத் தெரியாது. விஜேகோனுக்கு ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் பேனா. ஆறு பக்கம், ஆறு கையெழுத்து, அரை நிமிஷம். அடுத்த வெள்ளியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான்.

வீட்டில் அழகருக்கு விஷயம் தெரிந்தபோது பதினொரு வாரம் போயிருந்தது. மகள் டிசம்பரில் பட்டம் எடுக்கிறாள் என்று அவர் லயத்து வரிசை வீடுகளின் வாசல் தோறும் சொல்லி முடித்திருந்தார்.

"சும்மா கெடைக்கிற கையெழுத்து புள்ள. வாங்கிட்டு வந்துரு. எம்பத்தி மூணு கலவரத்துல ரெண்டு நாளு கோயிலுக்குள்ள ஒளிஞ்சு கெடந்தோம். வாயத் தொறக்காததுனாலதான் உசுரோட இருக்கோம்."

"வாயத் தொறக்காததுனாலதாம்பா இன்னமும் அவங்க தெருவ கூட்டிக்கிட்டு இருக்கீங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அழகர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மடையன் என்பார்கள். குனிந்தே பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய மனுஷரை மடையன் என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கதவடியில் நின்றாள்.

பதின்மூன்றாவது வாரம் முடிந்ததும் பல்கலைக்கழகத்திலிருந்து பரீட்சகர் வந்தார். நரைத்த கூந்தலைக் கொண்டையாகப் போட்ட சிங்கள அம்மையார். விஜேகோனின் அறையில் உட்கார்ந்து பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாவம், வாசிக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அரை மணித்தியாலத்தில் திரேசாவைக் கூப்பிட்டார்கள்.

"இது உங்கள் கையெழுத்தா?" அம்மையார் விஜேகோனிடம்தான் கேட்டார்.

விஜேகோன் பக்கத்தைப் பார்த்தார், அடுத்த பக்கத்தைப் பார்த்தார். பதின்மூன்று பக்கத்திலும் அவருடைய அழகான கையெழுத்து. முகம் சிவந்து பிறகு வெளுத்தது.

"இந்தப் பிள்ளை ஏதோ பிழையாக எழுதியிருக்கிறாள். நூற்று முப்பது மணித்தியாலமும் முடித்துவிட்டாள் என்று இப்போதே வேறு பத்திரம் எழுதித் தருகிறேன்." அவர் பேனாவையும் எடுத்துவிட்டார்.

அம்மையார் திரேசாவைப் பார்த்தார். "அவர் எழுதித் தந்தால் நீ டிசம்பரில் உட்காரலாம். இல்லாவிட்டால் ஒரு வருஷம் பிந்தும். எதைச் சொல்கிறாய்?"

திரேசாவுக்குத் தகப்பனின் முகம் வந்து போனது. ஒரு வருஷம் அவர் அந்த வாசல்களையெல்லாம் எப்படிக் கடந்து போவார் என்று நினைத்தாள்.

"இதில் ஒரு மணித்தியாலம்கூட நான் செய்யவில்லை, மெடம். செய்யாததற்குப் பத்திரம் வேண்டாம். பரீட்சையை அடுத்த வருஷம் எழுதுகிறேன். கதவை இன்றைக்குத் திறக்கச் சொல்லுங்கள்."

"கொழும்பு அனுமதி இல்லாமல்..." என்று விஜேகோன் தொடங்கினார்.

அம்மையார் பதிவேட்டை மூடித் தன் பைக்குள் வைத்தார். "அப்படியானால் இதை நானே கொழும்புக்குக் கொண்டு போகிறேன். உங்கள் கையெழுத்தோடு."

விஜேகோன் எழுந்தார். வழியெல்லாம் மேசைகளில் இருந்தவர்கள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து பார்த்தார்கள். அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கதவில் காட்டினார். கதவு திறந்தது. குளிர்காற்று திரேசாவின் முகத்தில் அடித்தது. உள்ளே வேலையாக இருந்த தாஸிம் எழுந்து தன் கதிரையை அவள் பக்கம் தள்ளினான்.

"மிஸ் திரேசா, இப்போது சந்தோஷம்தானே?" என்றார் விஜேகோன். நன்றி எதிர்பார்த்த குரல் அது.

"எனக்கு ஒரு வருஷம் போய்விட்டது, சேர்," என்றாள் அவள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள்.